சைலன்சர் வாங்கி வைத்த கேம்ஷாஃப்ட்

ஜனவரி 9

தம்பிக்கு,

போனில் பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். போன வாரம் அதுதான் நடந்தது. கடிதத்தில் கத்த முடியாது பார், அதனால் எழுதுகிறேன். நடுவில் புகுந்து பேசாமல் கடைசி வரைக்கும் படி.

வண்டி படுத்துவிட்டது. கொஞ்ச நாளாகவே மிஸ்ஸிங் அடித்துக்கொண்டிருந்தது. மேட்டில் ஏறினால் திணறும். டைல்ஸ் பெட்டிகளைப் பாதியாகக் குறைத்தால்தான் நகரும். "என்னம்மா, பிக்கப் வண்டின்னு பேரு, பிக்கப்பே இல்லையே" என்று குடோன்காரர் கேலி பண்ணுகிறார். தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டேன். எதைக் கேட்டாலும் "பொறுங்க" என்பாரே, பொறுமை என்று நாங்கள் பேர் வைத்தோமே, அவரேதான். மூடியைக் கழற்றிக் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "கேம்ஷாஃப்ட் போச்சும்மா. வால்வைத் தூக்கிவிடற மேடு ஒண்ணு மழுங்கியே போச்சு. வேற போட்டாதான் வண்டி" என்றார்.

வேறு ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. உன் அத்தான் ஆர்டர் பண்ணி வைத்தது. அவர் போன பிறகுதான் வந்து சேர்ந்தது. கூரியர்காரர் வாசலில் நின்றுகொண்டு, "சார் இருக்காரா, அவர்தான் கையெழுத்துப் போடணும்" என்றார். நான் எப்படிப் போட்டேன் என்று கேட்காதே. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நேற்றுதான் இழுத்துப் பிரித்தேன். எண்ணெய் பூசி, தாள் சுற்றி, புதுப் பளபளப்போடு இருக்கிறது. ஒரு முனையில் 260 என்று பொறித்திருக்கிறது. சும்மா மாற்று உருப்படி இல்லையாம், வண்டியின் குணத்தையே மாற்றுகிற ரகமாம். பொறுமை பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். "இது கம்ப்யூட்டர் வச்ச எஞ்சினும்மா. பெட்ரோலை இன்ஜெக்டர் அளந்து ஊத்துது. பழைய வண்டி மாதிரி ஸ்க்ரூவைத் திருகிச் சரி பண்ண முடியாது. உங்க தம்பியைக் கேளுங்க" என்கிறார்.

கேட்கிறேன். ரேஸ் வண்டிக்கு எஞ்சின் கட்டுகிற தம்பி இருக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். இதைப் போட என்னென்ன வேண்டும், எழுது.

அவரை எடுத்த அன்றைக்கு நீ வந்தாய். உள்ளே வராமல் வாசலோடு நின்றுவிட்டுப் போனாய். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

அக்கா


ஜனவரி 17

அக்காவுக்கு,

போடாதே.

காரணம் சொல்கிறேன். கேம்ஷாஃப்ட் சுழலும்போது அதன் மேடுகள் வால்வுகளைத் திறந்துவிடும். மேடு அகலமாக இருந்தால் வால்வு அதிக நேரம் திறந்திருக்கும். 260 என்பது அதன் அளவு. எங்கள் பட்டறையில் 260 என்றால் அது பந்தய மைதானத்துக்குப் போகிற வண்டி. எஞ்சின் அலறும்போதுதான் அதில் பலம் வரும். மெதுவாகப் போகும்போது ஒன்றும் வராது. நீ டைல்ஸ் ஏற்றிக்கொண்டு மெதுவாக மேடு ஏறுகிறவள்.

அடுத்தது கம்ப்யூட்டர். எஞ்சின் காற்றை எவ்வளவு வலுவாக உறிஞ்சுகிறது என்பதை வைத்துத்தான் அது பெட்ரோலை அளக்கிறது. அந்த உறிஞ்சலை நாங்கள் வேக்குவம் என்போம். இந்தக் கேம் போட்டால், வண்டி நிற்கும்போது வேக்குவம் படுத்துவிடும். கம்ப்யூட்டர் குழம்பிப்போய்ப் பெட்ரோலைக் கொட்டும். கறுப்புப் புகை வரும். ஐட்லிங்கில் வண்டி தட... தடதட... தட என்று நொண்டும். அந்தச் சத்தத்துக்காகவே இதை வாங்குகிறவர்கள் உண்டு. ஒழுங்காக இருந்த சைலன்சரை அறுத்துப் போட்டுவிட்டு, தெருவே 'சைலன்சர்' என்று கூப்பிட, அதையும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டவர் அத்தான். அவர் வேறு எதற்கு வாங்கியிருப்பார்?

கம்பெனி கேம் ஒன்று அனுப்புகிறேன். பொறுமைக்கு அதைப் போடத் தெரியும்.

வாசலில் நின்றதைப் பற்றி எழுதப்போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். எழுதிவிட்டாய் அக்கா. அத்தான் இருந்தவரை என்னை உள்ளே வா என்று கூப்பிடவில்லை. அன்றைக்கு மட்டும் அவர் கூப்பிடாமல் எப்படி வருவது என்று தெரியவில்லை. அதனால்தான் நின்றேன்.

தம்பி


ஜனவரி 24

தம்பிக்கு,

அவர் ஏன் கூப்பிடவில்லை என்று உனக்குத் தெரியாதா? நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நம் வீட்டில் எல்லாரும் கூடியிருந்த அன்று, சைலன்சரை மாற்றிய பெருமையில் அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. சித்தப்பா காதைப் பொத்திக்கொண்டார். நீ காலை ஆட்டிக்கொண்டே சொன்னாய்: "சத்தம்தான் பெரிசு அத்தான். இழுவையே இல்ல." வண்டியைத்தான் சொன்னாய். ஆனால் கூடத்தில் இருந்த எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிட்டார். உன் மேல் அவருக்குக் கோபம் என்றா நினைத்தாய்? வெட்கம்டா. எஞ்சினைப் பற்றி எஞ்சின்காரன் சொல்லிவிட்டான், இனி அவன் முகத்தில் எப்படி முழிப்பது என்ற வெட்கம். அந்த மனுஷனுக்குக் கோபப்படத் தெரியாது, கத்தத்தான் தெரியும்.

சரி, சத்தத்துக்குத்தான் வாங்கினார் என்றே வைத்துக்கொள். எனக்கு அந்தச் சத்தம் வேண்டும். இந்த வீட்டில் இப்போது ஃபிரிட்ஜ் ஓடி நிற்பது கேட்கிறது. முன்பெல்லாம் அவர் இருமினாலே பக்கத்து வீட்டில் எழுந்துகொள்வார்கள். நொண்டட்டும், புகையட்டும், தெரு முழுக்கத் திட்டட்டும். சைலன்சர் வண்டி வருது பார் என்று நாலு பேர் சொல்லிவிட்டுப் போகட்டுமே. உனக்கு ஏன் வலிக்கிறது?

இதையும் எழுதிவிடுகிறேன். உன் கடிதம் வந்ததிலிருந்து மனசு கெட்டுக் கிடக்கிறது. அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. கடைசி இரண்டு வருஷம் வண்டியை ஓட்டியதே நான்தான், அவர் பக்கத்து சீட்டில். இந்த ஓட்டத்தை வைத்துத்தான் நான் இனி பிழைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்தது? அப்படி இருந்தும் கையில் மிச்சமிருந்ததைக் கொண்டுபோய் ஒரு சத்தத்தில் போட்டாரா? என்னைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லையா? இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு இந்தக் கேள்வி வரலாமா? வந்துவிட்டதே. நீதான் வரவைத்தாய்.

தண்ணீர்த் தொட்டி வளைவு உனக்குத் தெரியும், நல்ல மேட்டில் இருக்குமே. அங்கே நிறுத்தி எடுக்க வேண்டி வந்தால் ஒவ்வொரு தடவையும் கிளட்சைச் சரியாக விடத் தெரியாமல் வண்டியை ஆஃப் பண்ணிவிடுவேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அவர் ஜன்னலில் தலையை நீட்டி, "அவசரமா இருந்தா பறந்து போய்யா!" என்று கத்துவார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பதறாத. கிளட்சை மெதுவா விடு. மறுபடி" என்பார். அவர் குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டது அங்கே மட்டும்தான். இப்போது அந்த வளைவில் ஹாரன் மட்டும்தான் இருக்கிறது.

நான் அதைத்தான் போடப்போகிறேன்.

அக்கா


பிப்ரவரி 1

அக்காவுக்கு,

நான் வண்டியைத்தான் சொன்னேன். அவர் பாதியில் எழுந்ததை நானும் பார்த்தேன். பின்னால் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போன கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன், நீ பயந்துவிடுவாய் என்று. இப்போது பயந்தால் நல்லது. உன் காலுக்குப் பிரேக் லேசாக இருக்கிறதே, அந்த லேசு அதே வேக்குவத்தால்தான் கிடைக்கிறது. வேக்குவம் போனால் பெடல் கல் மாதிரி இறுகிவிடும். எங்கள் பட்டறைக்கு இப்படி ஒரு கேம் போட்ட வண்டியோடு ஒருவர் வந்தார். வீட்டுக் கதவருகே மெல்ல வந்து நிறுத்தப் போனவர் சுவரில் போய்த்தான் நின்றார். அது சமதரை. நீ ஏறுகிறதைப் பற்றியே பேசுகிறாய். பாதிப் பாரத்தோடு அந்தத் தண்ணீர்த் தொட்டி வளைவில் இறங்கும்போது, பெடலை இரண்டு காலாலும் மிதித்தும் வண்டி நிற்கவில்லை என்றால் என்ன செய்வாய்? அந்த வளைவில் ஓரத்தில் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும்.

அத்தானை நான் குறை சொல்லவில்லை. போனவரை வைத்துக்கொண்டு உன்னோடு வழக்காடவும் விருப்பமில்லை. எனக்கு இருப்பது ஒரே அக்கா. கம்பெனி கேமும், அதன் மேடுகளில் உரசி வால்வைத் தள்ளுகிற லிஃப்டர்களும் அனுப்பிவிட்டேன். பார்சல் இந்த வாரம் வரும். அதைப் போடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

பார்சல் வந்தது. கெஞ்சிக் கேட்கிறேன் என்று நீ எழுதி இப்போதுதான் பார்க்கிறேன். சின்ன வயசில் சைக்கிள் கேட்டபோதுகூட அதட்டித்தான் கேட்டாய்.

இரண்டு கேமையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று நீ கொடுத்தது, ஒன்று அவர் கொடுத்தது. எதைப் போட்டாலும் இன்னொருவரைத் தள்ளிவைத்த மாதிரி ஆகிவிடும். நல்ல இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினீர்கள் இரண்டு பேரும்.

ஒரு விஷயம் கேட்கிறேன், சிரிக்காதே. மேடு அகலமாக இருக்கும், பந்தயக் கேம் என்றெல்லாம் எழுதினாயே. எனக்கு இரண்டிலும் வித்தியாசமே தெரியவில்லை. பொறுமையையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டையும் மாற்றி மாற்றி உருட்டிப் பார்த்துவிட்டு, "பொறுங்க, எது உங்க வீட்டுக்காரரோடது?" என்று என்னையே கேட்கிறார். நல்ல ஆள்தான் போ. அந்த 260 இல்லாவிட்டால் எங்கள் இரண்டு பேருக்குமே அடையாளம் தெரிந்திருக்காது. உன் கண்ணுக்குத்தான் தெரியும் போல.

பிரேக் விஷயம் படித்துவிட்டுப் பயந்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் மனசு அவருடையதைத்தான் எடு என்கிறது. ஒரு ஓட்டமாவது அதில் போய்விட்டு வந்து, அப்புறம் உன்னுடையதை மாட்டிக்கொள்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

எதையும் மாட்டாதே. உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். பந்தயக் கேம் என்றால் பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். மேடுகள் தடித்து, மொத்தையாக இருக்கும். பொறுமைக்குத் தெரியாமல் போகாது. எங்கேயோ இடிக்கிறது.

ஒரு வேலை செய். இரண்டு மரக்கட்டையில் பள்ளம் வெட்டி, அத்தான் வாங்கிய கேமை அதன் மேல் படுக்க வையுங்கள். ஒரு முனையில், சுற்றிலும் டிகிரி குறித்த வட்ட அட்டை ஒன்றை ஒட்ட வேண்டும். பொறுமையிடம் டயல் கேஜ் இருக்கும், உயரத்தை முள்ளால் காட்டுமே, அதை ஒரு மேட்டின் மேல் வைத்து, கேமை மெதுவாக உருட்டு. முள் ஒன்றேகால் மில்லிமீட்டர் ஏறியதும் அட்டையில் எண்ணைப் பார். உச்சிக்குப் போய் இறங்கி, மறுபடி அதே ஒன்றேகாலுக்கு வரும்போது பார். நடுவில் எத்தனை டிகிரி என்று எழுது. கேம் ஒரு சுற்றுச் சுற்றினால் எஞ்சின் இரண்டு சுற்று, அதனால் அதை நான் இரட்டித்துக்கொள்வேன்.

130 வந்தால் நான் சொன்னது சரி. அப்போது நீ என் பேச்சைக் கேட்க வேண்டும். வேறு ஏதாவது வந்தால் எழுது, உடனே எழுது.

தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

103.

முதலில் நம்பாமல் வேறு மேட்டில் வைத்தும் பார்த்தோம். அதே 103. பழைய நாள்காட்டி அட்டையை வட்டமாக வெட்டி டிகிரி குறித்தது நான். பொறுமை முள்ளைப் பார்த்தார், நான் உருட்டினேன். உருட்டும்போது அவர் மூச்சுக்கூட விடவில்லை, என்னையும் விடவிடவில்லை. முடிந்ததும், "உங்க தம்பி என்ன சொல்றாருன்னு பார்ப்போம், பொறுங்க" என்றார். ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்.

130 இல்லை என்றால் என்னடா அர்த்தம்? குறைந்தால் நல்லதா, கெட்டதா? உருப்படியே மட்டமா, அவரை யாராவது ஏமாற்றிவிட்டார்களா? அப்படி இருந்தால் அதையும் ஒளிக்காமல் எழுது. வந்த வரைக்கும் தாங்கியாயிற்று.

அக்கா


பிப்ரவரி 25

அக்காவுக்கு,

யாரும் ஏமாற்றவில்லை. ஏமாந்தது நான்.

ஒரு கடை எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று கேட்டால், ஷட்டர் அசைந்த நிமிஷத்திலிருந்து கணக்குச் சொல்கிறவரும் உண்டு, ஆள் நுழைகிற உயரத்துக்கு ஷட்டர் ஏறிய பிறகு கணக்குச் சொல்கிறவரும் உண்டு. கடை ஒன்றுதான், எண் வேறு. கேம் விற்பவர்கள் பலர் முதல் கணக்கைப் பொறிப்பார்கள். எங்கள் பட்டறையில் இரண்டாவது கணக்குதான் பேச்சு. அத்தானின் கேமில் இருக்கும் 260 முதல் கணக்கு. நான் அதை எங்கள் கணக்காகப் படித்துவிட்டேன். நீ அளந்த 103-ஐ இரட்டித்தால் 206. எங்கள் கணக்கில் அதுதான் இதன் அளவு.

206 பந்தயக் கேம் இல்லை. இழுவைக் கேம். பாரம் ஏற்றுகிற வண்டிக்கு, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே பலம் கொடுப்பதற்கென்று செய்தது. வேக்குவம் குறையாது, கம்ப்யூட்டர் குழம்பாது, வண்டி நொண்டாது, பிரேக்குக்கு ஒன்றும் ஆகாது. நான் அனுப்பியதைவிட உன் வேலைக்கு இதுதான் பொருத்தம். இந்த வண்டிக்கு இதைவிட நன்றாக என்னாலும் எடுத்திருக்க முடியாது.

வேறு யாராவது 260 என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தால், "எந்தக் கணக்கில்?" என்றுதான் முதலில் கேட்டிருப்பேன். தெரியாதவரிடம்கூடக் கேட்கிற கேள்வி. அத்தான் விஷயத்தில் கேட்கத் தோன்றவில்லை. அவர்தானே, சத்தத்துக்குத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன். ஜனவரியிலிருந்து உன்னைப் படுத்தியிருக்கிறேன். பட்டறையில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை, வேலையும் ஓடவில்லை. அவரிடம்தான் சொல்ல வேண்டும், எங்கே போய்ச் சொல்வது?

பொறுமையிடம் சொல்: நான் அனுப்பிய புது லிஃப்டர்களையே போட வேண்டும். மேடுகளில் பசை எண்ணெய் தாராளமாகப் பூச வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடக் கூடாது. முதல் இருபது நிமிஷம் எஞ்சினை நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்றிலேயே பிடிக்க வேண்டும். அப்போதுதான் புது மேடுகள் பதமாகும். பிறகு காலை எடுக்கலாம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அத்தான் வண்டி எடுக்கிற விதம் எனக்குத் தெரியும். நன்றாக மிதித்து, கத்தவிட்டுத்தான் எடுப்பார். அவர் காலுக்கு இந்தக் கேம் தேவையே இல்லை. இத்தனை கேம் இருக்க, தேடிப் பிடித்து இதை ஏன் எடுத்தார்?

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

போட்டாயிற்று.

பொறுமை சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். "நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கம்மா" என்றார். நீ சொன்னபடி இரண்டாயிரத்தில் பிடித்தேன். அந்த இருபது நிமிஷம் இருக்கிறதே, அப்பப்பா! நிற்காமல் வண்டி போட்ட இரைச்சலில் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா மாடியிலிருந்து, "சைலன்சர் வந்துட்டாரா!" என்று கத்தினார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அப்புறம் காலை எடுத்தேன். நொண்டாது என்று நீ எழுதியிருந்தாய், படித்திருந்தேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை, ஒரு தடவையாவது தடதட என்று வராதா என்று. வரவில்லை. சத்தம் இறங்கி இறங்கி, கடைசியில் வண்டி தண்ணீர் மாதிரி ஓடியது. போன மாதம் அந்த ஓட்டைச் சைலன்சரையும் பொறுமை மாற்றிவிட்டாராம், என்னிடம் சொல்லவே இல்லை. வண்டி ஓடுகிறதா என்று பானெட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மறுபடி ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டேன். பொறுமை முதல் தடவையாக "பொறுங்க" என்று சொல்லாமல் தள்ளிப் போய் நின்றார்.

நேற்று முழுப் பாரம். குடோன்காரர் ஏற்றும்போதே சந்தேகமாகப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி வளைவில், வேண்டுமென்று வந்த மாதிரி, முன்னால் ஒரு லாரி நின்றது. நானும் நின்றேன். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. "பதறாத. கிளட்சை மெதுவா விடு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டேன். எப்போதும் போல ரொம்ப மெதுவாக, பயந்து பயந்து, ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும். பழைய கேமாக இருந்தால் வண்டி அங்கேயே குலுங்கி நின்றிருக்கும். இது நின்றுவிடவில்லைடா. முழுப் பாரத்தோடு, ஒரு முனகல்கூட இல்லாமல் என்னைத் தூக்கிக்கொண்டு ஏறியது. மேலே போய் ஓரமாக நிறுத்தி, பக்கம் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் டைல்ஸ் ரசீதும் என் தண்ணீர் பாட்டிலும் இருந்தன.

இதை ஏன் எடுத்தார் என்று கேட்டிருந்தாய். ஜனவரியில் நானும் வேறு விதமாகக் கேட்டேன், என்னைப் பற்றி ஒரு நிமிஷமாவது நினைத்தாரா என்று. இரண்டு கேள்விக்கும் பதில் அந்த வளைவில் இருந்தது.

அவர் ஓட்டியபோது அந்த மேட்டில் வண்டி ஒரு தடவைகூட ஆஃப் ஆனதில்லை. ஆஃப் பண்ணுவது நான் மட்டும்தான்.

அடுத்த தடவை வரும்போது உள்ளே வா. அவர் கூப்பிடவில்லை என்று நிற்காதே. நான் கூப்பிடுகிறேன்.

அக்கா